இறங்க மறுத்த ஹார்மோன்

குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு, மகனின் சிறுநீர்க் குப்பியில் அப்பாக்காரன் தன்னுடையதையும் கொஞ்சம் கலந்தான்.

வெளியே குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நர்ஸம்மா குரல் கொடுத்தார். "ஒரு குப்பிய மூட இவ்வளவு நேரமா தம்பி?"

"மூடி உருண்டு போச்சு சிஸ்டர்."

விஷயம் இதுதான். பிறந்த சில மாதம் ஆண் குழந்தைக்கு, மீசை முளைக்கிற வயதைப்போல ஆண் ஹார்மோன் ஏறும். பிறகு தானாக இறங்கிவிடும். 'குட்டிப் பருவம்' என்பார் நர்ஸம்மா. மருத்துவமனை ஆய்வு ஒன்றுக்காக அதை அளக்கத்தான் மாதம் ஒருமுறை வந்துகொண்டிருந்தார். சென்ற முறை, "இறங்கிட்டு வருது, இன்னும் ஒரு தடவைதான், அப்புறம் நான் வரவேண்டியிருக்காது" என்று சொல்லிவிட்டார்.

அப்பாக்காரனுக்கு வீட்டிலிருந்தே கணினி வேலை. மனைவிக்கு ராத்திரி வேலை, பகலில் தூக்கம். மகன் பேசுவான், ஆனால் 'ஙா'வைத் தாண்டமாட்டான். முழு வாக்கியம் பேச நர்ஸம்மா ஒருவர்தான்.

அடுத்த முறை வந்தவர் உதட்டைப் பிதுக்கினார். "மறுபடி ஏறியிருக்கு. இனி வாரா வாரம் பாக்கணும்."

அப்பாக்காரன் முகத்தில் கவலையை வரவழைத்துக்கொண்டு இரண்டாவது டீ போட்டான். நர்ஸம்மா அதையும் குடித்து, தன் முழங்கால் வலி, மாடிவீட்டு நாய், சில்லறை தராத கண்டக்டர் எல்லாம் சொல்லி முடித்துக் குப்பியைக் கைப்பைக்குள் போட்டார்.

"முன்ன ஐஸ் பெட்டி கொண்டு வருவீங்களே?"

"தோள்பட்டை போச்சு தம்பி."

அன்று மாலை அவனுக்கு மனசாட்சி உறுத்தியது. பச்சைக் குழந்தைக்கு ஊசி கீசி போட்டுவிட்டால்? அடுத்த குப்பியில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தான்.

"இன்னும் ஏறியிருக்கு" என்றார் நர்ஸம்மா. "வாரத்துக்கு ரெண்டு தடவை வந்துடறேன்."

பயந்துபோனவன், எதையும் கலக்காமல் மகனுடையதை மட்டும் கொடுத்தான்.

"இவ்வளவு ஏறி நான் பாத்ததே இல்ல தம்பி. தினமும் வந்தாத்தான் சரிப்படும். இஞ்சி இருந்தா டீயில தட்டிப் போடுங்க."

அவர் போனதும், டார்ச் அடித்து மகனின் மேலுதட்டைப் பார்த்தான். மீசை இல்லை. ஆனால் அழுகை கொஞ்சம் கட்டைக்குரலாகத்தான் பட்டது. மனைவியை எழுப்பவில்லை, எழுப்பினால் எங்கிருந்து ஆரம்பிப்பது? குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினான்.

ஆய்வுக்கூடத்துப் பெண்ணிடம் எல்லாவற்றையும் கொட்டினான். "முதல்ல கலந்தது நான்தாங்க. ஆனா கடைசிக் குப்பி சுத்தமா இவனோடது. அதுதான் உச்சத்துல இருக்காம். இவனைக் காப்பாத்துங்க."

"நீங்க எதுக்கு சார் கலந்தீங்க?"

அவன் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தான். "சிஸ்டர் வர்றது நின்னுடும்னு."

அந்தப் பெண் கணினியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"நீங்க கலக்குறதுக்கு முன்னாடியே பையனுக்கு இறங்கிடுச்சு சார். ஆய்வும் முடிஞ்சது, அந்தம்மாவும் ரிட்டயர் ஆயிட்டாங்க. அதுக்கப்புறம் உங்க வீட்டுக் குப்பி ஒண்ணுகூட இங்க வரலையே."