உயிரைப் பாட்டிலில் பிடித்தவர்

அந்த மருத்துவமனையில் டாக்டரைப் பார்க்க வந்தவர்களைவிட உயிர்க்காவலரைப் பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். அறுவை அரங்குக்கு வெளியே, உறவினர்கள் காத்திருக்கும் கூடத்தில், ஜன்னலோர பெஞ்சு முழுவதும் அவருக்குச் சொந்தம். மயக்க மருந்து ஏறியதும் உயிர் உடம்பைவிட்டுக் கிளம்பிவிடுமாம். வழி தெரியாமல் கூரையில் முட்டிக்கொண்டு தவிக்குமாம். அதை நயமாகக் கூப்பிட்டு, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் அடைத்துவைத்து, தையல் போட்டு முடித்ததும் திருப்பி அனுப்புவது அவர் பணி. பாட்டில் வேர்த்தால் உயிர் உள்ளே வந்துவிட்டதென்று பொருள். வருடக்கணக்கில் படித்த டாக்டர்களுக்கு இது தெரியாது. பாவம், அவர்கள் பாட்டிலைப் படிக்கவில்லையே!

கண்டக்டரம்மாவுக்குப் பித்தப்பையில் கல். வலியோடு வலியாக டிக்கெட் கிழித்துப் பார்த்தார்; முடியவில்லை. அறுவைக்கு நாள் குறித்ததும் அவருடைய கணவர், தையல்காரர், நேராக உயிர்க்காவலரிடம் போய் நின்றுவிட்டார். அறுவையன்று, கூடத்திலேயே மனைவியைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தா பாரு, ஒரு வார்த்தை அவர்கிட்ட சொல்லிட்டு உள்ள போ. உயிர் சமாச்சாரம்."

"பித்தப்பையத்தானங்க எடுக்கறாங்க? உயிரையுமா எடுக்கறாங்க?"

"கிண்டல் பண்ணாத. போன உயிர் திரும்பி வரலைன்னா நான் என்ன பண்ணுவேன்?"

சொல்லும்போதே அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பயந்து போன மனுஷனிடம் என்ன வாதாடுவது?

ஆனால் கூடத்தில் கண்ட இன்னொரு காட்சி கண்டக்டரம்மாவைச் சும்மா இருக்கவிடவில்லை. ஒரு சின்னப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். குடல்வால் வீக்கம். உடனே அறுக்க வேண்டும் என்று நர்ஸ் கெஞ்சிக்கொண்டிருந்தார். பெண்ணின் அப்பா, லாரி டிரைவர், கையெழுத்துப் போட மறுத்தார்.

"பாட்டில் காலி இல்லையாம்மா. முன்னாடி போன உயிர் இறங்கினாத்தான் எங்களுக்கு இடமாம்."

உயிர்களுக்கு வெயிட்டிங் லிஸ்ட்! கண்டக்டரம்மாவுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன.

அவரை உள்ளே அழைத்துப் போனார்கள். முந்தைய அறுவை இன்னும் முடியவில்லை. காத்திருக்கும் அறையில், பச்சை அங்கியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மயக்க மருந்து டாக்டர் அவர் நெற்றியில் வில்லைகளை ஒட்டி வயரை மாட்டினார். சின்னத் திரையில் கோடுகள் படபடவென்று துடித்தன.

"இது என்ன டாக்டர், என் உயிரா?"

"உங்க மூளை பேசற பேச்சு. மூளைக்குள்ள கோடிக்கணக்கான செல்லு, ஆளுக்கொண்ணு பேசிட்டிருக்கு. அதான் கோடு இப்படித் தாறுமாறா இருக்கு."

"காலையில பஸ்ஸுல இருக்கற மாதிரி."

"அதேதான். மருந்து ஏறினதும் எல்லாரும் சேந்து ஒரே நேரத்துல கத்தி, ஒரே நேரத்துல வாய மூடினா எப்படி இருக்கும்? கோடு பெரிய பெரிய அலையா, மெதுவா போகும். ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்குப் போய்ச் சேராது."

"டிக்கெட் கேட்டாலும் காதுல விழாது."

"கத்தி வெச்சாலும் தெரியாது. ஆனா யாரும் பஸ்ஸவிட்டு இறங்கல. மருந்த நிறுத்தினா மறுபடியும் பேச ஆரம்பிச்சிடுவாங்க."

கண்டக்டரம்மா கொஞ்சம் யோசித்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டார். "வெளிய போய், 'உள்ள போயிட்டாங்க'ன்னு மட்டும் சொல்லும்மா. அது பொய்யில்லையே?"

நர்ஸ் சொன்ன மறுநொடி, கதவுக்கு அப்பால் கணீரென்று குரல் எழுந்தது.

"வந்துட்டா! கூரையில நிக்கறா! பாட்டில் வேர்க்குது பாருங்க! 'என்னங்க, என்னங்க'ன்னு அழறா! 'மோதிரத்தக் கழட்டி அய்யாகிட்ட குடுங்க, இல்லேன்னா திரும்ப மாட்டேன்'ங்கறா!"

"குடுத்துடறேம்மா! திரும்பி வந்துடு!" என்று தையல்காரர் தேம்பினார்.

கதவு திறந்தது. பச்சை அங்கி, தலையில் துணித்தொப்பி, நெற்றியில் வயர் கழற்றிய வில்லைகள். கண்டக்டரம்மா நடந்தே வந்தார்.

"என்னங்க, மோதிரத்தப் போடுங்க விரல்ல. நான் எப்ப கேட்டேன்?"

உயிர்க்காவலர் லேசுப்பட்டவரா? "இது வெறும் உடம்பு! உயிர் இன்னும் பாட்டில்லதான் இருக்கு!"

"அப்படியா? சரி. நான் முதுகுக்குப் பின்னாடி எத்தன விரல் காட்டறேன்? பாட்டில்ல இருக்கறது என் உயிருதானே, கேட்டுச் சொல்லுங்க."

உயிர்க்காவலர் பாட்டிலைக் காதில் வைத்தார். கண்ணை மூடினார். "மூணு."

பின்னால் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். கண்டக்டரம்மா கையை முன்னால் நீட்டினார். இறுக்கி மூடிய முஷ்டி.

"அ... அது... உயிருக்கு மயக்கம் தெளியல!"

"மருந்தே இன்னும் போடலயே. மயக்கம் எங்கேர்ந்துய்யா வந்துச்சு?"

லாரி டிரைவர் பெஞ்சுக்கு அடியில் கையைவிட்டு ஒரு பெட்டியை இழுத்தார். உள்ளே பனிக்கட்டி, அதில் புதைந்தபடி இன்னும் இரண்டு பாட்டில்கள். பனிக்கட்டியிலிருந்து எடுத்தால் எந்தப் பாட்டில்தான் வேர்க்காது? அதற்குள் உயிர்க்காவலருக்கே வேர்த்துவிட்டது. மேல்துண்டால் முகத்தைத் துடைத்தபடி படியிறங்கி ஓடினார். எல்லோருடைய உயிரையும் பிடித்தவர், அன்று தன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்.

டிரைவர் கையெழுத்துப் போட்டார். "என் பொண்ண முதல்ல எடுத்துக்குங்க டாக்டர்."

"அவ போகட்டும். என் கல்லு எங்க ஓடிடப் போகுது?" என்றார் கண்டக்டரம்மா.

மாலையில் கண்விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இன்னும் ஆரம்பிக்கலையா?"

"எல்லாம் முடிஞ்சிருச்சும்மா," என்றார் தையல்காரர், அழுதுகொண்டே சிரித்து. "அந்தப் பொண்ணும் பொழச்சிருச்சு. அது சரி, எங்க போயிருந்த நீ?"

"எங்கயும் போகலங்க. பஸ்ஸுலயேதான் இருந்தேன். பேச்சுதான் நின்னு போச்சு."

மறுநாள் அதே கூடத்தில் இரண்டு பேர் கிசுகிசுத்தார்கள்: "உயிர்க்காவலர் இப்ப எந்த ஆஸ்பத்திரியில உக்காந்திருக்காராம்?" பார்த்தீர்களா! உள்ளே மயக்கம் கொடுக்க வருடக்கணக்கில் படிக்க வேண்டும். வெளியே கொடுக்க ஒரு மேல்துண்டும் ஒரு பாட்டிலும் போதும். உள்ளே கொடுத்ததைத் தெளியவைக்கப் பக்கத்திலேயே டாக்டர் நிற்கிறார். வெளியே நீங்களாக வாங்கிக்கொண்டது தெளிய, உங்கள் மூளைதான் பேச ஆரம்பிக்க வேண்டும். அதன் வாயை நீங்களே பொத்தாமல் இருந்தால் சரி!