தாய்மாமன் பெயரை விழுங்கிய மென்பொருள்

பிழைப் புகார் ஒன்றை முடித்து வைக்க வேண்டுமானால், புகார் கொடுத்தவரே சோதித்துப் பார்த்து ‘சரியாகிவிட்டது’ என்று சொல்லியிருக்க வேண்டும். தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதி, இலவசமாகக் கொடுக்கும் ஒரு தமிழ்த் தட்டச்சு மென்பொருளின் விதி இது. அதன் புகார்ப் பட்டியலையும் அரட்டைக் குழுவையும் கவனிக்கும் பொறுப்பை, ஓய்வுபெற்ற பிறகு நானே கேட்டு வாங்கினேன். விதியைப் படித்தும் இருந்தேன். ஆனால் நான் வேலை பார்த்த அலுவலகத்தில், மனுவை உரிய அலுவலருக்கு அனுப்பிவிட்டாலே அது முடிந்த மனு. (மனுதாரர் கதி என்ன ஆனது என்பது வேறு செக்‌ஷன்.)

அதே முறையில், வந்த புகார்களையெல்லாம் நிரல் எழுதுபவருக்கு அனுப்பி, ‘முடிந்தது’ என்று குறித்துக்கொண்டே வந்தேன். பட்டியல் காலியானது. குழுவில் கைதட்டும் படங்களாக வந்து குவிந்தன. பணிக்காலத்தில் எனக்குக் கிடைக்காத மரியாதை.

அந்தப் புகார்களில் ஒன்று, அறந்தாங்கியில் இருக்கும் என் மகள் கலாவுடையது: அச்செடுத்தால் கடைசி வரி காணாமல் போகிறது. (“ஒங்ககிட்ட வாயால சொன்னா எழுதிக் குடுன்னுதானப்பா சொல்லுவீங்க?”) ‘முடிந்தது’ என்பதை நம்பி, தன் பையனின் காதுகுத்துப் பத்திரிகையை அதிலேயே அச்செடுத்தாள். சரிபார்க்காமல் சொந்தங்களுக்குக் கொடுக்கவும் ஆரம்பித்துவிட்டாள். கடைசி வரியில் இருந்தது தாய்மாமன் பெயர். அதாவது, துபாயில் இருக்கும் என் மகன் முருகேசன்.

பத்திரிகையின் படம் துபாய்க்கும் போய்விட்டது. கலா வீட்டில் நான் இருந்தபோது, போன் ஸ்பீக்கரில் அவன் கொதித்தான்: “பத்திரிகையில பேரே இல்லாதவன் எந்த மொகத்தோடப்பா வந்து பிள்ளைய மடியில வச்சுக்கிறது? லீவ கேன்சல் பண்றேன்.”

“தொழில்நுட்பக் கோளாறுப்பா.”

“சரியாயிருச்சுன்னு போட்டது யாரு?”

“நம்ம அப்பாதான்டா!” என்றாள் கலா.

தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது. மிச்சப் பத்திரிகைகளில் அவன் பெயரை என் கையாலேயே எழுதினேன். கொடுத்துவிட்ட வீடுகளுக்குத் திருமயம், கறம்பக்குடி என்று பேனாவோடு பஸ் பஸ்ஸாக ஏறினேன். “என்ன சித்தப்பா, குடுத்த பத்திரிகைய திருப்பி வாங்கிட்டுப் போக வந்தீங்களா?” என்றான் ஒரு பங்காளி. எழுதியதையெல்லாம் போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பினேன். (சான்று இணைக்காமல் எதுவும் நகராது.)

வந்தான். மருமகனை மடியில் வைத்துக்கொண்டான். என்னிடம் மட்டும் பந்தி முடியும்வரை பேசவில்லை. அன்றிலிருந்து நான் எந்த வேலை முடிந்தது என்றாலும் வீட்டில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “அனுப்புனீங்களா, ஆயிருச்சா?”

இதற்கிடையில், அந்தப் பிழையை உடனே பார்க்கும்படி நிரல் எழுதுபவருக்கு நீளமாக ஒரு விளக்கம் அனுப்பியிருந்தேன். விழா நடந்தது ஆவணியில். பதில் இது: ‘இந்தப் புகார் ஏற்கெனவே முடிந்ததாகப் பதிவாகியுள்ளது. சிக்கல் தொடர்ந்தால் புதிதாகப் பதியவும்.’

வந்த தேதி: தை இரண்டு, மாட்டுப் பொங்கல்.