அளவெடுத்துக் கட்டிய நிழற்குடை

இந்த இனத்தைப் பார்க்க நீங்கள் காட்டுக்கோ மிருகக்காட்சிச் சாலைக்கோ போக வேண்டியதில்லை. உங்கள் தெருவில் நகராட்சிக்காரர்கள் ஒரு பள்ளம் தோண்டினால் போதும். கடப்பாரையால் குத்துகிறவர் ஒருவர், மண்ணை அள்ளுகிறவர் ஒருவர். இவர்களுக்குச் சற்றுத் தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தோண்டுவது தெருவை அல்ல, தன் கடைவாய்ப் பல்லை என்பதுபோல முகத்தைச் சுளித்தபடி ஒருவர் நிற்பாரே, அவரேதான். வரிப்பணக் காவலர். பள்ளம் ஆழமாக இருந்தால், "இவ்வளவு ஆழம் எதுக்கு? எல்லாம் பில்லு போடத்தான்" என்பார். ஆழம் குறைவாக இருந்தால், "பாதிப் பள்ளம்தான் இங்க இருக்கு. மீதிப் பள்ளத்த எவன் வீட்டுக்குக் கொண்டு போனானோ!" என்பார். பள்ளமே தோண்டாவிட்டால்? அதுதான் இருப்பதிலேயே பெரிய ஊழல்.

அவர் வீட்டுவரி கட்டிவிட்டாரா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

இந்த இனத்தில் முதல் தரமான ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒற்றை ஷட்டர் தையல் கடைக்கு வாருங்கள். தெருவில் அவருக்கு மேயர் என்று பெயர். உண்மையான நகராட்சித் தலைவர் ஒருவர் ஊரில் இருக்கத்தான் செய்தார். ஆனால் அவருக்கு ஊரைப் பற்றி இத்தனை அபிப்பிராயங்கள் கிடையாது. நம் தையல்காரர் மிஷினைத் தெருவைப் பார்த்துப் போட்டிருந்தார். கால் மிதிக்கும், கை துணியைத் தள்ளும், கண் நகராட்சியின் மேல் இருக்கும். சட்டை தைக்க வருகிறவர்கள் அவர் பேச்சையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொண்டு போக வேண்டும். கழுத்தைச் சுற்றி டேப் இருக்கும்போது யார்தான் எதிர்த்துப் பேசுவார்கள்?

"பூங்காவுல நீரூற்று வச்சிருக்கான் சார், கொஞ்சம் நிமிந்து நில்லுங்க, அதுக்கு அடியில கலர் விளக்கு வேற. எதுக்கு? தண்ணிக்கு ராத்திரியில மேல போற வழி தெரியாதா?"

"காலர் கொஞ்சம் தாராளமா இருக்கட்டும் டெய்லரே."

"நீங்களும் தாராளம்னே பேசுறீங்க பாருங்க. இந்தத் தாராளத்துலதான் சார் ஊரே நாசமாப் போச்சு."

காலர் இறுக்கமாகவே வந்து சேரும்.

அவருக்கு ஒரு மனைவி. பல் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறவர். தினமும் காலையில் கடைக்கு எதிரே இருக்கும் நிறுத்தத்தில்தான் பஸ் ஏறுவார். நிறுத்தம் என்றால் ஒரு கம்பம். அவ்வளவுதான். வெயில் அடித்தால் அந்தக் கம்பத்தின் நிழலில் நேர்கோட்டில் நிற்கலாம். மழை பெய்தால் கம்பத்தோடு சேர்ந்து நனையலாம். அவரோடு தினமும் நிற்கிறவர்கள் மூன்று பேர்: வங்கிக் காவலாளி, கணக்கு டீச்சர், ஒரு நர்ஸ். நால்வரும் கூடிக் கூடிப் பேசி, மனு மேல் மனு போட்டு, கடைசியில் வார்டு கூட்டத்தில் நிழற்குடை விஷயம் எடுத்துக்கொள்ளப்படும் என்று செய்தி வந்தது.

"ஏங்க, உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன்," என்றார் மனைவி. "அன்னைக்கு ஒரு நாள் மட்டும் வாயத் திறக்காதீங்க. மழைக்கு முன்னாடி எனக்கு ஒரு கூரை வந்துடும்."

"நான் எதுக்கும்மா பேசப் போறேன்? நிழற்குடை நல்ல விஷயம்தானே?"

அவர் சத்தியமாகப் பேசக் கூடாது என்றுதான் போனார். பொறியாளர் வரைபடத்தை விரித்தபோது இருமினார். கூரையின் அகலத்தைச் சொன்னபோது தொடையைத் தேய்த்தார். எட்டுப் பேர் உட்காரும் எவர்சில்வர் பெஞ்சு என்றதும் அவரையும் மீறி எழுந்து நின்றுவிட்டார். எழுந்தது அவர் என்பதைவிட, அவருக்குள் இருந்த வரிப்பணம் என்பதே சரி.

"நிக்கறது நாலு பேரு. எட்டுப் பேருக்குப் பெஞ்சு எதுக்கு? மீதி நாலு பேரையும் நகராட்சியே பெத்துக் குடுக்குமா?"

கூட்டம் சிரித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி கண்ணை மூடிக்கொண்டார்.

கவுன்சிலர் பொறுமைசாலிதான். ஆனால் அவருக்கு அன்று இன்னும் சாக்கடை பாக்கி இருந்தது, தெருவிளக்கு பாக்கி இருந்தது. "சரிண்ணே, நீங்களே சொல்லுங்க. எப்படிக் கட்டலாம்?" என்று கேட்டுவிட்டார்.

இந்த இனத்தாரிடம் கேட்கவே கூடாத கேள்வி அது. பிறந்ததிலிருந்து யாரும் அவர்களை அப்படிக் கேட்டதில்லை. மேயர் ஒரு கணம் ஆடிப்போனார். பிறகு அவருடைய தொழில் அவரைக் காப்பாற்றியது.

"முதல்ல அளவெடுத்தீங்களா?"

"இடத்த அளந்தாச்சு," என்றார் பொறியாளர்.

"இடத்த இல்ல சார், ஆள! சட்ட தைக்கிறவன் உங்க உடம்ப அளப்பானா, நீங்க நிக்கிற ரூம அளப்பானா?"

இதற்குப் பதில் பொறியியல் படிப்பில் எங்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. கூட்டம் கைதட்டியது. கவுன்சிலர் கடிகாரத்தைப் பார்த்தார். "அண்ணன் குடுக்கிற அளவுக்கே கட்டிடுங்க," என்று சொல்லிச் சாக்கடைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை மேயர் டேப்பும் சாக்குக்கட்டியுமாக நிறுத்தத்துக்கு வந்தார். காவலாளிக்குத் தோள், வயிறு, உயரம். டீச்சருக்குப் பையோடு ஒரு அளவு, பையில்லாமல் ஒரு அளவு.

"விடைத்தாள் திருத்துற நாள்ல பை எவ்வளவு பெருசா இருக்கும் டீச்சர்?"

"அத எப்படிங்க சொல்றது? பசங்க எழுதறதப் பொறுத்தது."

"கம்மியா எழுதச் சொல்லுங்க."

நர்ஸை அளக்கும்போது பஸ் வந்துவிட்டது. "மூச்ச இழுத்துப் பிடிக்காதீங்கம்மா, அப்புறம் கூரை இறுக்கும்!" என்று கத்திக்கொண்டே படிக்கட்டு வரை டேப்போடு ஓடினார். கடைசியாக மனைவி தன் பங்குக்குக் கைகளை விரித்துக்கொண்டு நின்றார். மேயர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார்.

"உன்ன எதுக்கு அளக்கணும்? உன் அளவு எனக்கு மனப்பாடம்."

அந்த நிமிஷம் அது மனைவிக்கு நன்றாகத்தான் இருந்தது. நர்ஸ்கூட பஸ் ஜன்னலிலிருந்து சிரித்தார்.

நிழற்குடை எழுந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ வீடு மாறும்போது தெருவில் விட்டுப்போன அலமாரிபோல இருந்தது. கிட்டப் போனால்தான் அதன் நுட்பம் தெரியும். பின்சுவர் ஒரே நேராக இல்லை. காவலாளிக்கு உள்வாங்கி, டீச்சருக்குப் பை வைக்க ஒரு குழி விட்டு, நர்ஸுக்கு ஒடுங்கி, உடம்போடு ஒட்டிக்கொண்டு போயிற்று. பெஞ்சு கிடையாது. "நின்ன வாக்குலதான் அளவெடுத்தேன். உக்காந்தா அளவு மாறிடும்," என்றார் மேயர். வழி ஒரு ஓரத்தில் மட்டும் என்பதால் வரிசை மாறி நிற்கவும் முடியாது. காவலாளி முதலில் நுழைய வேண்டும், மனைவி கடைசியில். காவலாளியின் பஸ் முதலில் வந்தால், எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்து அவரை அனுப்பிவிட்டு மறுபடி உள்ளே போக வேண்டும். ஆனால் செலவு? பொறியாளர் போட்டதில் பாதிகூட இல்லை! மேயர் ஒரு வாரம் யாருக்கும் காலர் தைக்கவில்லை. கடைக்கு வந்தவர்களை எல்லாம் கையைப் பிடித்து அழைத்துப்போய்ச் சுவரைக் காட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு மழை வந்தது.

காவலாளி ஓடிவந்து நுழைந்தார், கச்சிதமாகப் பொருந்தினார். டீச்சர் நுழைந்தார், பை நுழைந்தது. நர்ஸ் நுழைந்தார். கடையில் மிஷினை நிறுத்திவிட்டு மேயர் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வாழ்நாள் கருத்துகள் எல்லாம் நான்கு சுவருக்குள், சரியாகச் சொன்னால் மூன்று சுவருக்குள், நிரூபணமாகிக்கொண்டிருந்தன. மனைவி ஒரு தோளை உள்ளே விட்டார். மறுதோள் வரவில்லை.

"கொஞ்சம் தள்ளிக்குங்களேன்."

"தள்ள எங்கம்மா இடம்?" உள்ளேயிருந்து காவலாளியின் குரல். "நான் மூச்சு விடறதுக்கே உங்க வீட்டுக்காரர் கணக்குப் பாத்துத்தான் இடம் விட்டிருக்கார்."

மனைவி பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். பின்புறமாக நுழைந்து பார்த்தார். பாதி மனைவி கூரைக்குள்ளும் பாதி மனைவி மழையிலுமாக நின்று, தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த கடையை ஒரு பார்வை பார்த்தார். மேயர் கடைக்குடையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"இது எந்த வருஷத்து அளவுங்க?"

மேயர் விழித்தார். "உனக்கு முதன்முதலா ஒரு ஜாக்கெட் தச்சேனே…"

"அதுதான் கடைசியும்."

"என்னம்மா சொல்ற? அப்புறம் உன் துணியெல்லாம்…"

"அடுத்த தெரு டெய்லர்கிட்டதான் குடுக்கறேன். பெரியவன் பொறந்ததுலேர்ந்து. உங்களுக்குத்தான் நகராட்சி வேலையே சரியா இருக்கே."

மழை கூரையில் கொட்டியது. உள்ளே மூன்று பேரும் வேண்டுமென்றேதான் மூச்சு விடாமல் இருந்தார்கள். தன் வீட்டு அலமாரியில், தன் மூக்குக்கு முன்னால், இத்தனை வருஷம் வேறொருவன் தையல் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது! ஊரில் ஒரு செங்கல் இடம் மாறினாலும் கண்டுபிடிக்கிறவர் அவர்.

"அவனா? அவனுக்கு ஜாக்கெட்டுக்குக் கை வெட்டவே வராதே!"

"அளவெடுக்க வருதே."

மேயர் குடையைக் கொஞ்சம் மனைவி பக்கமாகச் சாய்த்தார். அவர் தோள் நனைந்தது.

அன்றிலிருந்து மழை பெய்கிற காலைகளில் அவர்தான் அங்கே குடை பிடிக்கிறார். மனைவியின் நனைகிற பாதிக்கு. நேற்று அந்த வழியாக ஒருவர் போனார். சும்மா போகவில்லை, நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். நிழற்குடையைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், மேயரை ஏற இறங்கப் பார்த்தார்.

"கூரையும் கட்டிட்டு, அதுக்குக் குடை பிடிக்க ஆளும் வச்சிருக்கான் பாரு நகராட்சியில! அந்த ஆளாவது ஒழுங்காப் பிடிக்கிறானா? குடை ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். எல்லாம் நம்ம வரிப்பணம்!"

மேயர் வாயைத் திறந்தார். மனைவி பார்த்தார். மேயர் வாயை மூடிக்கொண்டார்.

"அடுத்த வார்டு கூட்டத்துல இத இடிச்சுட்டுக் கட்டறதப் பத்திப் பேசப் போறாங்களாம்," என்றார் மனைவி. "நான் போறேன். நீங்க வர வேண்டாம்."

"நான் வாயே திறக்க மாட்டேம்மா."

"குடைய நேராப் பிடிங்க."

சரி, கதை இருக்கட்டும். இதைப் படித்துக்கொண்டு வரும்போது உங்களுக்கு ஒன்று தோன்றியிருக்குமே? எட்டுப் பேருக்குப் பெஞ்சு கொஞ்சம் அதிகம்தான், ஆனால் ஐந்து பேருக்குப் போட்டிருக்கலாம். எவர்சில்வருக்குப் பதில் சிமெண்டே போதும். இன்னும் யோசித்தால், நான்கு பேருக்கு நான்கு குடை வாங்கிக் கொடுத்திருந்தால் எவ்வளவோ மிச்சம் என்று? தோன்றியதா? அப்படியானால், புத்தகத்தைப் பிடித்திருக்கும் கை போகட்டும். உங்கள் இன்னொரு கை இப்போது எங்கே இருக்கிறது என்று மெதுவாகப் பாருங்கள். முதுகுக்குப் பின்னாலா?