புகாரே இல்லாத அலுவலகம்

உலகத்தில் சண்டைகள் ஓயாததற்கு ஒரே காரணம், எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் இருக்கும் சமாதானம் சாரை யாரும் கூப்பிட்டு யோசனை கேட்காததுதான். சமாதானம் என்பது அலுவலகம் சூட்டிய பட்டப்பெயர். குடிநீர்த் துறையில் அவர் ‘நல்லிணக்க அலுவலர்’. பாரபட்சம் என்று எந்த ஊழியராவது வாயெடுத்தால், அது காகிதத்தில் ஏறுமுன் பேசியே கரைப்பது அவர் திருப்பணி. எழுதினால் புகார், பேசினால் ‘மனக்குறை’. மனக்குறைக்கு அரசாங்கத்தில் பதிவேடு கிடையாது. வீட்டில் அவர் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்பது வேறு விஷயம். அவருடைய மனைவியே மாடிப்படியில் நின்று சொன்னது.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் அறைக்கு ஒரு பெண் வந்தார். ஆறு வருடமாக ஆய்வகத்தில் உட்கார்ந்து குழாய்த் தண்ணீரைச் சோதிக்கும் நீர்ப் பரிசோதகர். பதவி உயர்வுக்கு முப்பது நீரேற்று நிலையங்களை நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். இவர் கணக்கில் ஒன்றுகூட இல்லை. பின்னால் சேர்ந்த நான்கு ஆண்கள் முப்பதையும் முடித்துவிட்டார்கள். பட்டியலை மூடப் பத்து வாரம்தான் இருந்தது. விட்டால் அடுத்தது ஐந்து வருடம் கழித்து.

எதிரே பொறியாளர். ஜீப்பில் யாரை ஏற்றுவது என்று தீர்மானிக்கிறவர்.

“என்ன சார், லேடீஸ்னு அனுப்ப மாட்டேங்கிறீங்களாமே?” சம்பந்தியிடம் நலம் விசாரிக்கிற குரலில் கேட்டார் சமாதானம் சார்.

“சேச்சே. ஜீப்ல ஒரு பொம்பளை உக்காந்தா டிரைவர் வாயைத் திறக்க முடியாது. பாவம், அவனுக்கும் மனசு இருக்குல்ல.”

“பாத்தீங்களாம்மா? இது உங்க மேல இருக்கிற மரியாதை. இதைப் போயி பாரபட்சம்ங்கிறீங்க.”

“மரியாதைய முப்பதுல சேத்துக்குவாங்களா சார்?”

“இந்த நக்கல்தாம்மா வேணாங்கிறது. அண்ணன் மாதிரி சொல்றேன். அஞ்சு வருஷம் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிரும்.”

“அப்ப அந்த நாலு பேரைக் கண்ணை மூடச் சொல்லுங்க.”

பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். “இவங்க வீட்டுக்காரர் நல்ல வேலையில இருக்காரு சார். அந்த நாலு பசங்களுக்குத்தான் ப்ரமோஷன் அவசரம்.”

நல்லிணக்கம் மலர்ந்துவிட்டதாகச் சமாதானம் சார் முடிவு செய்தார். “பேசித் தீத்தாச்சுன்னு ஒரு குறிப்பு மட்டும் வேணும். நீங்களே எழுதிருங்கம்மா. எல்லாக் கூட்டத்துக்கும் நீங்கதானே எழுதுறீங்க, முத்து முத்தா.”

எழுதினார். டிரைவரின் மனசு, பசங்களின் அவசரம், அண்ணனின் ஐந்து வருடம், யார் எதைச் சொன்னார்களோ அது அப்படியே. பெண்கள் எழுதுகிற குறிப்பைப் படித்துப் பார்ப்பது அந்த அலுவலகத்தில் வழக்கமில்லை. ஆண்கள் இருவரும் கையெழுத்திட்டு எழுந்தார்கள். நகலை அந்தப் பெண்ணே கொண்டுபோய்த் தலைமை அலுவலகத்தில் கொடுத்தார்.

பத்தாம் நாள் விசாரணை அதிகாரி வந்து இறங்கினார். பொறியாளருக்கு முகம் வெளுத்தது. சமாதானம் சார் அசரவில்லை. இவ்வளவு பெரிய அதிகாரி தன் திறமையைக் கேள்விப்பட்டு வந்திருக்கிறார் என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“இது உங்க கையெழுத்தா?”

“ஆமாங்க. அரை மணி நேரத்துல தீத்தது.”

“அந்தம்மா இன்னிக்கு ஜீப்ல கிளம்பியாச்சு. முப்பதும் முடியிற வரைக்கும் தினம் போவாங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இதுக்கு முன்னாடி இந்த மாதிரி எத்தனை பேரைப் பேசித் தீத்திருக்கீங்க?”

இந்தக் கேள்விக்காகத்தானே மனிதர் அந்த நாற்காலியில் ஏழு வருடம் காத்திருந்தார்.

“நாப்பத்தொண்ணுங்க. கால் சரியில்லாத கிளார்க் ஒருத்தர், மூணாம் மாடியிலேர்ந்து கீழ மாத்துங்கன்னு வந்தாரு. படியேறினா உடம்புக்கு நல்லதுன்னு தட்டிக் கொடுத்து அனுப்பினேன். மாசமா இருந்த டைப்பிஸ்டைப் பயிற்சிக்கு அனுப்பலன்னு ஒரு மனக்குறை. தாய்மையை விடப் பெரிய பயிற்சி ஏதும்மான்னு கேட்டேன். அழுதுட்டே போயிடுச்சு. ஒருத்தர்கூடத் திரும்பி வரலீங்க.”

அதிகாரி பேனா மூடியைக் கழற்றினார்.

“மெதுவாச் சொல்லுங்க சார். முதல் ஆள்லேர்ந்து வாங்க. நாப்பத்தொண்ணையும் உங்க மேல எழுதணும்.”