நிழல்பாம்பு விரட்டும் விளக்கு

உங்கள் வீட்டில் பாம்பு இருக்கிறதா? இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இருந்தது. மருந்துக் கடைக்காரர் வீட்டில் மட்டும் நான்கு. வெறும் கண்ணுக்குத் தெரியாது, செல்போனுக்கு மட்டும் தெரியும். அவ்வளவு நாகரிகமான பாம்பு!

கண்டுபிடித்தவர் ஒளி வைத்தியர். ராத்திரி விளக்கைப் போட்டு, அறையைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு அவரிடம் போக வேண்டும். படத்தில் கறுப்புப் பட்டைகள் நெளிந்தால் அதுதான் நிழல்பாம்பு. குடும்பத்தின் ஒளியைக் குடிக்கிறதாம். பரிகாரம், அவர் கையால் தொட்டுக் கொடுக்கும் விளக்கு. கடை பல்புதான், மேலிருந்த எழுத்தையெல்லாம் சுரண்டிவிட்டுச் செம்பு நிறச் சாயம் பூசியது. செவ்வாய்க்கிழமை பிறந்தவருக்கு மூன்று, சனிக்கிழமை பிறந்தவருக்கு ஏழு. அவர் வாசலில் நின்ற வரிசை தெருமுனையைத் தாண்டியது. கணக்கு வாத்தியார்கூடப் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு நின்றார்.

வரிசையில் நின்ற மடையர்களில் நானும் ஒருவன். எனக்கு வலுவான காரணம் இருந்தது. மடையனுக்கு எப்போதுமே வலுவான காரணம் இருக்கும்.

என் மனைவி தையல்காரி. பதினெட்டு வருஷத்தில் ஒரு தையல் பிசகியதில்லை. போன மாதம் கறுப்புக் கோட்டுக்குக் கருநீல நூலைப் போட்டுத் தைத்துவிட்டாள். கோட்டுக்காரர் அதை மேஜையில் வீசிவிட்டுப் போனார். அடுத்த வாரமும் அதே தப்பு. பொழுது இருட்டி விளக்கைப் போட்டால் தலைவலி வேறு.

"ஏங்க, என் கண்ணு போயிடுச்சுங்க. இனி எனக்கு என்ன இருக்கு?" என்று மெஷின்மேல் தலையைச் சாய்த்து அழுதாள்.

கண் டாக்டர் சோதித்துவிட்டு, கண் நன்றாக இருக்கிறது என்றார். நன்றாக இருக்கிறது என்று சொல்கிற டாக்டரை எவன் நம்புவான்? வைத்தியரிடம் போனோம்.

அவர் எங்கள் வீடியோவைப் பார்த்து உச்சுக் கொட்டினார். "அம்மா, இது லேசுப்பட்ட பாம்பு இல்ல. அஞ்சு விளக்கு போடணும். தையல் ரூம ஒரு வருஷம் பூட்டிடுங்க. ஊசியத் தொட்டீங்க, இருக்கிற பார்வையும் போயிடும்."

வீட்டுக்கு வந்ததும் மெஷினுக்கு உறை போட்டாள். அறையைப் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை என் தங்கை வந்தாள். விளக்குத் தொழிற்சாலையில் டப்பாவுக்கு லேபிள் ஒட்டுகிறவள். வாய் கொஞ்சம் நீளம். வந்ததும் கேட்டாள்: "என்ன அண்ணி, மெஷின் சத்தத்தையே காணோம்?"

சொன்னேன். வயிறு வலிக்கச் சிரித்தாள். அப்புறம் பூட்டைத் திறந்து, தையல் அறை பல்பைக் கழற்றிப் பார்த்தாள். "இத யாரு வாங்கினது?"

"நான்தான். நிறைய வாட்டு, விலையும் மலிவு."

"வாட்டுங்கிறது அது திங்கிற கரண்ட்டுண்ணே. தர்ற வெளிச்சத்துக்கு லூமன்னு வேற எண்ணு இருக்கு. மாடு எவ்வளவு திங்குதுன்னு கேட்டு வாங்கியிருக்க, எவ்வளவு கறக்கும்னு கேக்கல. போகட்டும். நாளைக்கு வைத்தியரப் பாப்போம். அண்ணி, கறுப்பு நூலும் கருநீல நூலும் எடுத்துக்குங்க."

மறுநாள் வைத்தியர் வீட்டுக் கூடம் நிரம்பி வழிந்தது. பகலிலும் கறுப்புத் திரை போட்டு, நடுவில் ஒரு செம்பு விளக்கு.

"வைத்தியரே, உங்க வீட்டுல பாம்பு உண்டா?" என்றாள் தங்கை.

"நான் இருக்கிற இடத்துலயா? என் மூச்சுக் காத்து பட்டாலே ஓடிடும்!"

"அப்போ உங்க சமையலறைய ஒரு வீடியோ எடுத்துக்கட்டுமா?"

வைத்தியரின் முகம் மாறியது. "அங்க... இப்பதான் கழுவி விட்டிருக்கு. வழுக்கும்."

அதற்குள் கணக்கு வாத்தியார் போனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அடுத்த நொடி ஓர் அலறல். "ஐயையோ! இங்க ஒரு பண்ணையே இருக்கு!"

ஊருக்கெல்லாம் பாம்பு விரட்டியவர், தன் வீட்டுக்கு என்னைப் போலவே மலிவு பல்பாகப் பார்த்து வாங்கியிருக்கிறார். கஞ்சத்தனம் சும்மா விடுமா?

"அது உங்களோட ஒட்டிக்கிட்டு வந்தது!" என்று வைத்தியர் கத்தினார். நம் ஜனங்களில் பாதிப் பேர் அதற்கும் தலையாட்டினார்கள்.

தங்கை ஸ்டூலில் ஏறினாள். செம்பு விளக்கைக் கழற்றிச் சமையலறையில் மாட்டினாள். பாம்பைக் காணோம். சமையலறை பல்பைக் கூடத்தில் மாட்டினாள். எல்லார் போனிலும் வைத்தியரின் மூக்குமேல் பாம்பு நெளிந்தது.

"பல்போட வருது, பல்போட போகுது. நொடிக்கு நூறு தடவ மங்கி மங்கி எரியிற மட்டமான பல்பு இது. கண்ணு கவனிக்காது, போன் காட்டிக் கொடுத்துடும். தலைவலியும் இதனாலதான் வரும்" என்றாள். பிறகு செம்பு விளக்கையே திரும்ப மாட்டி, இரண்டு நூல்கண்டுகளை வைத்தியரிடம் நீட்டினாள். "இது உங்க விளக்கு. எது கறுப்பு, சொல்லுங்க."

அவர் கண்ணை மூடினார், திறந்தார், ஒன்றைத் தொட்டார். தங்கை ஜன்னல் திரையை விலக்கினாள். வெயில் உள்ளே விழுந்தது. அவர் தொட்டது கருநீலம்.

"அண்ணி, நீங்க வாங்க."

என் மனைவி ஜன்னலுக்குப் போனாள். ஒரே பார்வை. "இது கறுப்பு. அது கருநீலம்." மறுபடி பார்த்தாள். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, என் கண்ணு போகலைங்க!" என்று ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். எனக்கு என்ன வெட்கம்? வைத்தியர் பின்வாசல் வழியாகப் போனதை யாரும் கவனிக்கவில்லை.

சாயங்காலம் தங்கை கடையில் டப்பா டப்பாவாகத் திருப்பிப் பார்த்து ஒன்றை எடுத்தாள். போதுமான லூமன். நிறத்தை உள்ளபடி காட்டும் எண் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல்; பழைய பல்பில் இது குறைவு, அதனால்தான் கருநீலமும் கறுப்பாகத் தெரிந்ததாம். துடிக்காமல் எரியும் என்ற உறுதி. அதற்கு வளைகிற கையுள்ள ஒரு தாங்கியும் வாங்கினாள். பழைய விளக்கு மனைவியின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவள் தலை நிழலே ஊசிமேல் விழுந்திருக்கிறது. தங்கை புதியதை மெஷினுக்கு இடது பக்கம், முன்னால் மாட்டினாள்.

மெஷின் மறுபடி கடகடவென்று ஓடியது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்தக் காலி டப்பாவை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

தங்கை வெடுக்கென்று பிடுங்கினாள். "கண்ணுல ஒத்திக்கிறதுக்கு இல்லண்ணே, கண்ணால படிக்கிறதுக்கு!"