ஆயா வேலையை விடுவதாக இல்லை

ஆவடி,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை கலியமூர்த்தி அவர்களுக்கு, உங்கள் மனைவியின் அண்ணன் பரந்தாமன் எழுதிக்கொள்வது. சிதம்பரத்தில் நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இதைப் போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் மூச்சு விடாமல் திட்டிவிட்டு, நான் வாயைத் திறக்கும் நேரம் பார்த்து சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் அந்த வசதி இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

"ஃபோர்மேனா இருந்து ரிட்டயர் ஆன மனுஷன் ஆயா வேலைக்குப் போய் எங்க மானத்தை வாங்குறீங்களே, நாளைக்கே விட்டுடுங்க" என்றீர்கள். விடுவதாக இல்லை மாப்பிள்ளை. ஏன் என்று பொறுமையாகக் கேளுங்கள்.

பூந்தமல்லியில் பள்ளிக்கூட வேன்கள் விடும் ஜெகதீஷ் எனக்குப் பழக்கம். அவருடைய வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த அம்மா, செம்பரம்பாக்கத்தில் ஏதோ கிடங்கில் பேக்கிங் வேலை கிடைத்ததும் நின்றுவிட்டார். அந்த வேலைக்கு ஆள் கிடைக்காமல் ஜெகதீஷ் தவித்தார், நானும் வீட்டில் டிவியைப் பார்த்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன், சரி என்று போய்ச் சேர்ந்துவிட்டேன். முதல் நாளே கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை கொடுத்தார்கள். மீசையை முறுக்கிக்கொண்டு நான் எடுத்துக்கொண்ட போட்டோ, அதற்குக் கீழே 'பரந்தாமன், ஆயா'. கம்ப்யூட்டரில் டிரைவர், ஆயா என்று இரண்டே பெயர்தான் இருக்கிறதாம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை அதைப் படித்துவிட, அன்று சாயங்காலத்துக்குள் வேன் முழுவதற்கும் நான் 'ஆயா தாத்தா' ஆகிவிட்டேன். பிள்ளைகளுக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. குழப்பமெல்லாம் பெற்றவர்களுக்குத்தான்.

வேனை ஓட்டுவது யுவராணி, குத்தம்பாக்கத்துப் பெண். பேருந்தும் லாரியும் இருபுறமும் நெருக்கும் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அவர் வண்டியைத் திருப்பினால் பின்சீட்டில் தூங்கும் பிள்ளைக்குத் தெரியாது. ஆனால் வேலப்பன்சாவடி அடுக்குமாடியில் பெற்றவர்கள் என்னிடம் வந்து, "டிரைவர் சார், கொஞ்சம் மெதுவா போங்க" என்பார்கள். பிறகு ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் யுவராணியிடம் ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "ஆயாம்மா, மூடியைத் திறந்து குடுத்துடுங்க" என்பார்கள். தீபாவளிக்கு டிரைவருக்கென்று பேண்ட் சட்டைத் துணியும் ஆயாவுக்கென்று ஒரு சேலையும் வந்தன. துணி என் கைக்கு வந்தது. சேலைதான் என்னுடையது என்று சொல்லி மாற்றிக்கொண்டேன். என் வீட்டுக்காரி, அதான் உங்கள் அக்கா, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, கலர் பிடிக்கவில்லையாம். ஒரு நாள் போக்குவரத்துப் போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி என்னிடம் லைசென்ஸ் கேட்டார். நான் கழுத்தில் இருந்த அட்டையைக் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் லைசென்ஸையே மறந்துவிட்டார்.

இதெல்லாம் சிரிப்போடு போயிற்று. போன மாதம் நடந்தது அப்படி இல்லை. அந்த அடுக்குமாடியில் ராகவன் என்று ஒருவர், ஐ.டி. கம்பெனியில் வேலை. காரில் வேனைத் தாண்டிப் போகும்போது செல்போனில் படம் பிடித்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். 'டிரைவர் தூங்கிக்கொண்டு வருகிறார். ஆயா வண்டி ஓட்டுகிறது. நம் குழந்தைகளின் கதி என்ன?' கண் அசந்தது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் தூங்கிய எனக்கு 'வருகிறார்', வண்டியை ஓட்டிய அந்தப் பெண்ணுக்கு 'ஓட்டுகிறது'. மாடு கன்றுகளைப் பற்றிப் பேசுகிற மாதிரி!

ஜெகதீஷ் பயந்துபோனார். "யுவராணி இனிமே பின்னாடி உக்காந்து ஆயா வேலை பாக்கட்டும் சார். வேற டிரைவர் கிடைக்கிற வரைக்கும் நீங்க ஓட்டுங்க."

"எனக்கு டி.வி.எஸ். வண்டிதானய்யா ஓட்டத் தெரியும்!"

"ஆம்பளதானே சார், ரெண்டு நாள்ல வந்துரும்."

யுவராணிக்கு முகம் செத்துவிட்டது. "இன்னா நைனா இது? ஆறு வருசமா இதே ரோட்ல ஓட்டிகினு கீறேன். நீ தூங்குனதுக்கு நான் ஆயாவா பூடணுமா? ஆயா சம்பளத்துல என் ஊட்டு வாடகையே கட்ட முடியாது" என்றார்.

மறுநாள் காலையும் யுவராணியையே ஓட்டி வரச் சொல்லி, அடுக்குமாடி வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். அதுதான் முதல் நிறுத்தம், வேனில் ஒரு பிள்ளைகூட ஏறவில்லை. ராகவனும் மற்றவர்களும் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "ஆம்பள ஓட்டணும், அவ்வளவுதானே? பார்த்துக்குங்க" என்று சொல்லி யுவராணியை இறங்கச் சொல்லிவிட்டு உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினேன். எந்தக் காலை எதில் வைத்தேனோ தெரியாது மாப்பிள்ளை, வேன் தவளை மாதிரி ஒரு குதி குதித்து, குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள் ஆசையாக வைத்திருந்த பூந்தொட்டிகள் மூன்றை நசுக்கி, சுவருக்கு ஒரு சாண் முன்னால் செத்து நின்றது. என் மீசைகூட நடுங்கியது. ஆனாலும் தலையை வெளியே நீட்டி, "பாப்பாவை ஏத்துங்க சார், போலாம்" என்றேன்.

ராகவன் பிள்ளையை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "ஐயோ வேணாம்! மேடம், மேடம், தயவுசெஞ்சு நீங்களே ஓட்டுங்க!"

ஒரே நொடியில் ஆயாம்மா மேடம் ஆகிவிட்டார். யுவராணி நிதானமாக ஏறி உட்கார்ந்து, "ஆயா, கதவ சாத்து. நேரமாவுது" என்றார். சாத்தினேன்.

வண்டி யுவராணியிடமே இருக்கிறது. ராகவனும் குழுவில் மன்னிப்புக் கேட்டுவிட்டார். ஜெகதீஷ் மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டு, "உங்க அட்டையில மட்டும் 'உதவியாளர்'னு மாத்திடலாம் சார்" என்றார். "எனக்கு அப்புறம் ஒரு பொம்பள வந்தா?" என்றேன். "அவங்க ஆயாதான். எல்லாருக்கும் உதவியாளர்னு போட்டா சம்பளத்தை ஏத்தச் சொல்வாங்களே!" பாருங்கள் மாப்பிள்ளை, பெயரில் என்ன இருக்கிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அவருடைய ஏழு வேனிலும் எல்லோருக்கும் மாற்றி, எல்லோருக்கும் ஏற்றும் வரை இந்த அட்டையைக் கழற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். உங்கள் பெரியப்பா பேத்தி கல்யாணத்துக்கும் இதே அட்டையோடு வருவேன். யார் கேட்டாலும் ஆயா என்றே சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உங்கள் கோபம் ஆறவும் ரத்த அழுத்தம் இறங்கவும் வேண்டிக்கொள்ளும்,

பரந்தாமன்,
ஆயா.

பின்குறிப்பு: உங்கள் அக்கா நேற்றுக் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறாள். ஒரு மாதம் சமையலுக்கு ஆள் வேண்டும். தங்கச்சி வீட்டில் சும்மாதானே இருக்கிறது, அனுப்பி வையுங்கள். இரண்டு கறவை மாட்டையும், மளிகைக் கடை கல்லாவையும், உங்கள் அம்மாவுக்கு வேளாவேளைக்கு மருந்து கொடுப்பதையும் யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு வரச் சொல்லவும்.