கைநீட்டாதவர்

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஊருக்கு அனுப்பும் அட்டைப்பெட்டிக்கு நாடா ஒட்டியது. தியோடுலோ மேலே ஏறி உட்கார்ந்து அமுக்கினார். லிவாய் நாடாவை இழுத்தாள். உள்ளே டின் இறைச்சி, சோப்பு, துண்டு, பிலிப்பைன்ஸில் அவர் முகமே பார்த்திராத தூரத்துப் பேரன்களுக்குச் செருப்பு. பெட்டி மூடியது. அவருக்கு மூச்சு வாங்கியது.

வாசகரே, இவர்தான் கைநீட்டாதவர். தனி இனம். லாஸ் வேகாஸில் எந்த மாதா கோயில் விருந்திலும் நூடுல்ஸ் தட்டோடு நிற்பார். வரி கட்டும்போது மார்பை நிமிர்த்துவார். அதே வரியிலிருந்து மருத்துவ உதவி வருகிறது என்றால், யாரோ பிச்சைப் பாத்திரத்தை நீட்டியதுபோலப் பின்வாங்குவார்.

ஹோட்டல் சலவைக்கூடத்தில் அவருக்கு வேலை நேரத்தைக் குறைத்தார்கள்; காப்பீடும் போயிற்று. இதயக் குழாயைச் சோதிக்காமல் விடக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

"அப்பா, கிரீன் கார்டு வந்து அஞ்சு வருஷம் முடிஞ்சாச்சு. இனி அந்த உதவி உங்க உரிமை. சட்டமே சொல்லுது."

"சட்டம் சொல்லும்மா. கம்ப்யூட்டர்ல பேர் ஏறிடுமே? நாளைக்குக் குடியுரிமை கேட்டுப் போனா, 'எங்க காசுல வைத்தியம் பாத்தவன்தானே'ம்பான்."

"யார் சொன்னா?"

"கோயில்ல பேசிக்கிறாங்க."

கோயிலில் விசாரித்தாள். எல்லாரிடமும் சொன்னவர் தியோடுலோதான்.

"சரி, சோதனைக்கு நான் பணம் கட்டுறேன்."

"பெத்த பொண்ணுகிட்டயே கைநீட்டவா?"

லிவாய் லிஃப்ட் பொறியாளர். அளவுக்கு மேல் எடை ஏறினால் லிஃப்டில் மணி அடிக்கும். மனிதருக்குள் அப்படி ஒன்றை யாரும் பொருத்துவதில்லை.

பெட்டி கட்டியதற்கு இரண்டு நாள் முன்பு, கெஞ்சிக் கூத்தாடி அவரை நலத்துறை அலுவலகத்துக்கு அழைத்துப் போயிருந்தாள். இஸ்திரி போட்ட சட்டை. கையில் ஒரு தட்டு நிறைய லும்பியா, அவர் ஊர்ப் பொரித்த சுருள்.

"இது எதுக்குப்பா?"

"சன்னல்ல இருக்குற பொண்ணுக்கு. உதவியைச் சும்மாவா வாங்குறது?"

காவலாளி தட்டை உள்ளே விடவில்லை; வாசலில் நின்ற நாலு பேர் தின்றார்கள். டோக்கன் கையில் வந்தது. பெயர் கூப்பிடும் நேரத்தில், பக்கத்து நாற்காலியில் கோயில் பாடகர் குழுவின் புரிங் அக்கா.

"அட, தியோடுலோ அண்ணே! நீங்களுமா?"

"சேச்சே! மகளுக்கு இங்க யாரோ சிநேகிதி. சும்மா வந்தோம். உனக்கு நம்பர் தள்ளியா இருக்கு? இந்தா, இந்த டோக்கனை வெச்சுக்கோ."

புரிங் அக்காவின் விண்ணப்பம் அன்றே ஏற்கப்பட்டது. அவருக்கும் கிரீன் கார்டுதான், அதே அஞ்சு வருஷம்தான். பின்னால் அவர் குடியுரிமை கேட்டபோதும் ஒரு பங்கமும் வரவில்லை.

காரில் ஏறியதும் தியோடுலோ, "அடுத்த திங்கள்கிழமை போலாம்மா. அன்னைக்குத் தெரிஞ்சவங்க இருக்க மாட்டாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பலியில், எழுந்து நிற்கச் சொன்ன இடத்தில் அவர் எழவில்லை; இதயம் அதற்கு முன்பே நின்றிருந்தது.

சிரித்தீர்களா? நல்லது. உங்களுக்கென்று சட்டம் எடுத்து வைத்திருக்கும் ஒன்றைக் கேட்க நின்ற வரிசையில், தெரிந்த முகம் ஒன்றைக் கண்டதும், "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று நீங்கள் சொன்னதே இல்லையா? யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை.

திங்கள்கிழமை காலை சன்னல் வழக்கம்போலத் திறந்தது. தெரிந்தவர் ஒருவரும் இல்லை.